பின்வரிசை பிரெட்

கடையில் அவளுக்கு மஞ்சள் அக்கா என்று பெயர். தேதி முடியப்போகிற சாமான்களுக்கு விலை குறைத்து மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டுவது அவள் வேலை. கையில் ஒரு சின்ன மெஷின், இடுப்புப் பையில் ஸ்டிக்கர் சுருள். பால், வெண்ணெய், வெட்டி வைத்த பழம், கேக், பிரெட் என்று எதற்கு எப்போது ஆயுசு முடிகிறது என்பது அவளுக்கு அத்துப்படி. சாயங்காலம் அவள் மெஷினோடு கிளம்பினால் பின்னாலேயே ஒரு கூட்டம் நகரும். நேராக வந்து நிற்க வெட்கம். பிஸ்கட் டப்பாவைத் திருப்பித் திருப்பிப் படிப்பார்கள், போனில் பேசுவதுபோல் பாவனை செய்வார்கள். ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு அவள் கையை எடுத்ததும் நாலு கை நீளும். காரில் வந்து இறங்குகிறவர்களும் அதில் உண்டு. அரை விலை என்றால் வசதிக்காரருக்கும் நாக்கில் எச்சில் ஊறத்தான் செய்கிறது.

இந்த வேலைக்கு அவள் ஆசைப்பட்டு வரவில்லை. ஒரு பிரெட்டுக்காக வந்தாள்.

அவள் வீட்டுக்காரர் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர். நல்ல உயரம், ஒரு காலத்தில் நல்ல உடம்பு. கல்யாணமாகிக் கொஞ்ச வருஷத்திலேயே வயிறு மக்கர் செய்ய ஆரம்பித்தது. தின்றது உடம்பில் ஒட்டவில்லை. சட்டை தொளதொளத்தது, கன்னம் ஒட்டியது. பார்க்காத டாக்டர் இல்லை. ஒருவர் அல்சர் என்றார். இன்னொருவர் மனக்கவலை என்றார். மற்றொருவர், "வீட்டுல சண்டை எதுவும் இல்லையே?" என்று அவளை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே கேட்டார். அவருக்குப் போய் ஃபீஸ் கொடுத்தது அவளுக்கு இன்றுவரை ஆறவில்லை.

கடைசியில் ஒரு டாக்டரம்மாதான் கண்டுபிடித்தாள். கோதுமையில் குளூட்டன் என்று ஒன்று இருக்கிறதாம். இவர் குடலுக்கு அது ஆகாதாம். மாத்திரை மருந்தெல்லாம் கிடையாது, ஆயுசுக்கும் கோதுமை கூடாது, அவ்வளவுதான்.

"துளியூண்டு பட்டாக்கூடவா டாக்டர்?" என்று அவள் கேட்டாள்.

"சாதா பிரெட் வெட்டின கத்தியை அப்படியே எடுத்து இவரோடதை வெட்டினாக்கூட."

சோறு இருக்கிறதே, அதைத் தின்றுவிட்டுப் போகவேண்டியதுதானே என்று சொல்லாத ஆள் இல்லை. சொல்வது சுலபம். லிஃப்ட்காரர் சாப்பிடும் இடத்தைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். பாதி நாள் அவருக்குச் சாப்பாடு லிஃப்ட் கூண்டின் கூரைமேல்தான். மேலே இரும்புக் கயிறு, கீழே இருட்டு, கையெல்லாம் கிரீஸ். காகிதத்தில் சுற்றிய இரண்டு துண்டு பிரெட்டைக் காகிதத்தோடு பிடித்துக் கடித்துக்கொள்ளலாம். சோற்று டப்பாவைத் திறந்தால் மேலேயிருந்து துருவும் தூசியும் கொட்டும். அதுபோக, காலையில் ஒருவேளை, மத்தியானம் ஒருவேளை என்று பிரெட்டிலேயே வளர்ந்த நாக்கு. அவளும் விடாமல் சில மாதம் சோறு கட்டிக் கொடுத்துப் பார்த்தாள். போன டப்பா போன மாதிரியே திரும்பி வந்தது. ஒருநாள் வேலை செய்த கட்டடத்தில் யாரோ நீட்டிய பன்னை வாங்கித் தின்றுவிட்டு, அன்று மாலையே ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தார்.

சலைன் ஏறுகிற கையோடு அவர் அழுதார். "என்னால முடியலம்மா. ஒரு பிரெட் துண்டுக்கு ஏங்க வேண்டியிருக்கு பாரு," என்றார். வாட்டசாட்டமான மனிதர் சின்னப் பிள்ளைபோல் மூக்கை உறிஞ்சியதை அவளால் பார்க்க முடியவில்லை. இந்த மனிதர் இன்னொரு பன்னைத் தின்னாமல் இருக்கவேண்டும். அதற்கு வீட்டில் எப்போதும் அவர் தின்னக்கூடிய பிரெட் இருக்கவேண்டும். அவள் வாழ்க்கை அன்றோடு இந்த ஒரு விஷயத்துக்குள் சுருங்கிவிட்டது.

கோதுமை இல்லாத பிரெட் கடையில் இருந்தது. ஆனால் யானை விலை, குதிரை விலை. சாதா பிரெட் மூன்று வாங்கும் காசுக்கு அதில் ஒன்று. அதுவும் உள்ளங்கை அகலத்துக்கு, கைக்குழந்தைக்குச் செய்ததுபோல. முதல்முறை விலையைப் பார்த்தபோது அட்டை மாறிவிட்டது என்று நினைத்துக் கடைப்பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்டாள். மாறவில்லை. கோதுமையை எடுத்துவிட்டுச் செய்வதற்கு இத்தனை காசா என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒன்றைப் போடாமல் இருப்பதற்கே இவ்வளவு வாங்குகிறவர்கள், போட்டால் என்னதான் கேட்பார்கள்? அப்போது அவள் ஒரு சலவைக் கடையில் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். வாங்க ஆரம்பித்தால் அவள் சம்பளத்தில் பாதி அந்தப் பொடிப் பிரெட்டுக்கே போய்விடும். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டினால் முடியுமா என்று கணக்குப் போட்டுப் பார்த்தாள், கட்டுப்படியாகவில்லை. வாங்காமலே திரும்பினாள். ஒருநாள் சாயங்காலம் அதே பிரெட்டின்மேல் மஞ்சள் ஸ்டிக்கரைப் பார்த்தாள். பாதி விலை. மறுவாரமே அந்தக் கடையில் ஆள் எடுக்கிறார்களா என்று விசாரித்தாள்.

வேலை கிடைத்தது. கூடவே ஒரு விதியும் வந்தது. ஸ்டிக்கர் ஒட்டுகிறவர்கள் தாங்கள் ஒட்டிய சாமானைத் தாங்களே வாங்கக் கூடாது. விதி போட்டவன் கெட்டிக்காரன்தான். ஆனால் நாத்தனார் என்று ஒரு பிறவி இருப்பது அவனுக்குத் தெரியவில்லை.

அவள் நாத்தனார், அதாவது லிஃப்ட்காரரின் அக்கா, டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். காலம் பூராவும் கம்பிக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்களோடு கத்திப் பேசியே குரல் பழகிவிட்டது. ரகசியம் பேசினால் தெருமுனைக்குக் கேட்கும். அவளிடம்தான் இந்த வேலையை ஒப்படைக்க வேண்டியிருந்தது. சொன்ன நாளில் துணிப்பையோடு டாண் என்று வந்து நிற்பாள். மஞ்சள் அக்காவை முன்பின் பார்த்ததே இல்லை என்று காட்டிக்கொள்வதில் அவளுக்கு அப்படியொரு சந்தோஷம்.

"ஏம்மா, இந்த பிரெட்டு எப்படிம்மா இருக்கும்? திங்கற மாதிரி இருக்குமா?" என்று கடையே திரும்பிப் பார்க்கிறமாதிரி கேட்பாள்.

"தெரியலம்மா. வாங்கிப் பாருங்க," என்பாள் மஞ்சள் அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு.

"சரி, நீ சொல்றியேன்னு வாங்கறேன்!"

வீட்டுக்கு வந்து, "ஏன் அண்ணி இப்படிப் பண்றீங்க, கேமரா வேற இருக்கு," என்றால், "நடிப்புன்னா நம்பற மாதிரி இருக்கணும்டி," என்பாள். அவளைத் திருத்த முடியாது.

பின்வரிசை விஷயம் தற்செயலாகத்தான் ஆரம்பித்தது. கோதுமை இல்லாத சாமான்களுக்கென்று கடையின் கடைசி வரிசையில் ஒரு அலமாரி உண்டு. ஒருநாள் அரிசி பிஸ்கட் அட்டைப்பெட்டிகளை யாரோ பிரெட்டுக்கு முன்னால் அடுக்கிவிட்டார்கள். பின்னால் இருந்த பிரெட் யார் கண்ணிலும் படவில்லை. படாததை யார் வாங்குவார்கள்? தேதி நெருங்கியபோது அத்தனையும் அப்படியே இருந்தது. அத்தனைக்கும் ஸ்டிக்கர் ஒட்டினாள். நாத்தனார் பை கிழியக் கிழிய அள்ளிக்கொண்டு போனாள். அந்த மாதம் வீட்டில் காசு மிஞ்சியது. ரொம்ப நாளைக்கப்புறம் அவள் தனக்கென்று ஒரு ஜோடிச் செருப்பு வாங்கிக்கொண்டாள்.

அடுத்த முறை அட்டைப்பெட்டிகளை அவளே அடுக்கினாள்.

லாரியில் சரக்கு வந்ததும் முன்னால் ஒன்றிரண்டை வைப்பாள். மீதியெல்லாம் பெட்டிகளுக்குப் பின்னால். முன்னால் இருப்பதை யாராவது எடுத்துவிட்டால் அந்த இடம் காலியாகவே கிடக்கும். உறைபோட்ட பிரெட், சீக்கிரம் கெடாது. தேதி நெருங்கும்வரை பொறுமையாக இருட்டில் உட்கார்ந்திருக்கும். கடைக்கு நஷ்டமில்லை, எப்படியும் காசு கொடுத்துத்தானே வாங்குகிறோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். திருட்டு என்றால் பணம் கொடுக்காமல் எடுப்பது. இது அதுவல்ல.

லிஃப்ட்காரர் எங்கேயோ பழைய சாமான் விற்கிற இடத்தில் ஒரு ஃப்ரீசர் பெட்டி பிடித்து வந்து, அவரே ரிப்பேர் பார்த்துப் படுக்கை அறையில் வைத்தார். கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போடவேண்டியதாயிற்று. ஃப்ரீசர் நிரம்ப நிரம்ப அவர் முகம் தெளிந்தது. உடம்பும் தேறியது. வேலை செய்யும் இடத்தில் பிரெட்டைக் கடித்துக்கொண்டே, "எம்பொண்டாட்டிக்கு இருக்கற மூளைக்கு அவ கம்பெனியே நடத்தலாம். பாதி விலைக்கு மேல குடுத்து இதை நான் தின்னதே இல்ல," என்று பீற்றிக்கொள்வாராம். எப்படிக் கிடைக்கிறது என்று அவர் கேட்டதில்லை. சாமர்த்தியம் என்ற சொல்லுக்குள் என்னென்ன இருக்கிறது என்று யார்தான் பிரித்துப் பார்க்கிறார்கள்!

முதலில் அவளுக்கு இதில் ஒரு குஷி இருந்தது. பிறகு பயம் வந்தது. மேனேஜர் அந்த வரிசைப்பக்கம் திரும்பினால் இவள் வேறு வரிசைக்கு நழுவிவிடுவாள். போகப்போக அதுவும் இல்லை. குளிர் அலமாரியில் கைவிட்டுக் கைவிட்டு விரல் மரத்துப்போகும் பாருங்கள், அந்தமாதிரி மனசு மரத்துப்போனது. பெட்டியை நகர்த்து, உள்ளே தள்ளு, பெட்டியை மூடு. பல் தேய்ப்பதைப்போல அதுவும் ஒரு வேலை.

அந்த நிலையில்தான் தபால்காரி வந்தாள்.

காக்கிச் சட்டை, தோளில் தபால் பை, வெயிலில் கறுத்த முகம். மத்தியானச் சுற்று முடிந்து, ஸ்கூட்டரை வெளியில் நிறுத்திவிட்டு, மூச்சு வாங்க வந்து அலமாரி முன்னால் நின்றாள். பள்ளிக்கூடம் போகிற வயதில் ஒரே பெண் குழந்தை. குழந்தைக்கு இப்போதுதான் இந்த வியாதியைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அட்டைகளைப் படித்துப் படித்துக் கண் கலங்கி நின்றவளைப் பார்த்து மஞ்சள் அக்காவே போய்ப் பேச்சுக் கொடுத்தாள்.

"பயப்படாதீங்க. எங்க வீட்டுக்காரருக்கும் இதேதான்," என்றாள். "முதல்ல டோஸ்டர் ரெண்டு வாங்குங்க. பொண்ணுக்குத் தனியா ஒண்ணு. வெட்டற பலகையும் தனி. வெண்ணெய் டப்பாவும் தனி, ஒரே கத்தியை ரெண்டுலயும் விட்டுடுவோம், அதுலதான் ஏமாந்துபோவோம். சாஸ் பாட்டிலைக்கூடப் படிச்சுப் பாத்து வாங்குங்க, அதுலயும் கோதுமை இருக்கும்."

அடுப்பங்கரையிலிருந்து ஆரம்பித்துப் பிள்ளைகளின் பிறந்தநாள் விருந்துவரை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தாள். மனப்பூர்வமாகத்தான் சொன்னாள். அதில் பொய் இல்லை. தபால்காரி அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "அக்கா, நீங்க இல்லைன்னா நான் என்ன பண்ணியிருப்பேன்," என்றாள்.

"பிரெட்டு மட்டும் காணோமே அக்கா?"

"ஸ்டாக் வரலைம்மா," என்றாள் மஞ்சள் அக்கா.

அந்தச் சொல் நாக்கிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்தது. அதன்பிறகு வாராவாரம் தபால்காரி வருவாள், கேட்பாள். இவளும் அதே பதிலைச் சொல்வாள். எப்போதாவது முன்னால் ஒன்று இருந்தால் தபால்காரி முழு விலை கொடுத்து, கிடைத்ததே பெரிது என்று கொண்டுபோவாள். இல்லாவிட்டால் ஊரின் அந்தக் கோடியில் இருக்கிற பெரிய கடைக்கு லீவு நாளில் போகவேண்டும், போய்வர அரை நாள் ஆகும். "சம்பளத்துல ஒரு பங்கு பெட்ரோலுக்கே போகுதுக்கா," என்பாள். இவள் "உச்" கொட்டுவாள். இந்தக் கம்பெனிக்காரர்களையே ரெண்டு தட்டுத் தட்டணும் என்பாள்.

ஒரு தடவை குழந்தையும் கூட வந்தது. சீருடை, கழன்ற ரிப்பன், முன்பல் ஒன்று இல்லை. அம்மாவின் பையைப் பிடித்துக்கொண்டே, "ஆன்ட்டி, இன்னிக்காவது வந்திருக்கா?" என்று கேட்டது.

"இல்லடா கண்ணு," என்றாள். பெட்டிகளின்மேல் சாய்ந்துகொண்டுதான் சொன்னாள்.

அன்று ராத்திரி தூக்கம் வராது என்று எதிர்பார்த்துப் படுத்தாள். தலையைச் சாய்த்ததும் தூங்கிவிட்டாள். காலையில் எழுந்து யோசித்தபோது அதுதான் அவளுக்கு வினோதமாக இருந்தது. வினோதமாக இருந்தது, அவ்வளவுதான். வேலைக்குக் கிளம்பிப் போனாள்.

இப்படியே காலம் ஓடியிருக்கும். கம்ப்யூட்டர் என்று ஒன்று இருப்பதை அவள் யோசிக்கவில்லை.

கடை மேனேஜர் சின்ன வயதுக்காரர், தன்மையானவர். வேலைக்காரர்களை அக்கா, அண்ணா என்றுதான் கூப்பிடுவார். ஒருநாள் அந்த அலமாரி முன்னால் நின்று விலை அட்டைகளை உருவிக்கொண்டிருந்தார்.

"அக்கா, இந்த பிரெட்டை எடுத்துடறாங்க. அடுத்த லாரில இருந்து வராது. இருக்கறதை ஸ்டிக்கர் போட்டுத் தள்ளிடுங்க."

"ஏன் சார்?"

"முழு விலைக்கு யாரும் வாங்கறதே இல்லையேக்கா. வர்றதெல்லாம் மஞ்சள் ஸ்டிக்கர்லதான் போகுது. மேல இருக்கறவங்க கம்ப்யூட்டர்ல அதைத்தானே பாப்பாங்க? ஆள் இல்லாத சரக்கை எதுக்கு அனுப்பறதுன்னு நிறுத்திட்டாங்க."

அவர் போய்விட்டார். அவள் நின்றுகொண்டே இருந்தாள். அவள் ஒளித்து வைத்த ஒவ்வொரு பாக்கெட்டும், 'என்னை யாருக்கும் வேண்டாம்' என்று மேலிடத்தில் போய்ச் சொல்லியிருக்கிறது. வீட்டுக்காரரின் பிரெட்டுக்கு அவளே குழி வெட்டியிருக்கிறாள், வாராவாரம், அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாக. சிரிப்பு வரவேண்டிய இடம். அழுகையாவது வரவேண்டும். இரண்டும் வராமல், பெட்டிகளை நகர்த்தி, பின்வரிசையில் இருந்ததையெல்லாம் முன்னால் எடுத்து வைத்து ஸ்டிக்கர் ஒட்ட ஆரம்பித்தாள். அன்றைக்கு நாத்தனார் இரண்டு பையோடு வந்தாள்.

"என்னடி, இன்னிக்கு இத்தனைக்கும் ஒட்டித் தள்ளறே?" என்று நடிப்பை மறந்து கேட்டாள்.

"இனிமே வராது அண்ணி."

"வராதா? அப்ப எந்தம்பி எதைத் தின்னுவான்?"

அவள் அடுத்த பாக்கெட்டில் ஸ்டிக்கரை ஒட்டினாள். ஃப்ரீசரில் இருப்பது சில மாதம் தாங்கும். அப்புறம் முழு விலை கொடுத்து அந்தக் கோடிக் கடையில் வாங்கவேண்டும், இல்லாவிட்டால் எங்கேயாவது ஒரு கட்டடத்தில் யாராவது ஒரு பன்னை நீட்டுவார்கள்.

தபால்காரிக்கு விஷயம் தெரிந்ததும் நேராக மேனேஜரிடம் போனாள். மஞ்சள் அக்காவை மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். கண்ணாடி அறை, அதற்குள் ஒரு மேசை, மின்விசிறிச் சத்தம். தபால்காரி பையைக்கூடக் கழற்றாமல் நின்றிருந்தாள். இவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"இவங்களைக் கேளுங்க சார். வாராவாரம் இவங்ககிட்டதான் கேப்பேன். நான் மட்டுமில்ல, எத்தனையோ பேர் கேக்கறாங்க. இவங்க வீட்டுலயும் இதே கஷ்டம்தான், இவங்களுக்குத் தெரியாததா? சொல்லுங்கக்கா."

"அப்படியாக்கா? கேக்கறாங்களா?" என்றார் மேனேஜர். உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். "ஆள் இருக்குன்னா நான் எழுதிப் போடறேன். நிறுத்தினதைத் திரும்பக் கொண்டுவரலாம்."

"கேக்கறாங்க சார்."

"அப்புறம் ஏன் விக்கல?"

மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒருமுறை 'டக்' என்றது. நான்தான் சார் ஒளித்து வைத்தேன் என்று சொன்னால் பிரெட் திரும்பி வரும். குழந்தைக்குக் கிடைக்கும். அவள் வேலை அன்றோடு போகும். முழு விலை கொடுக்க வீட்டில் சம்பளம் இருக்காது. இதெல்லாம் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. சொல்லமுடியாதபடி ஒன்றும் தொண்டையை அடைக்கவில்லை. வாயைத் திறந்தால் போதும்.

"தெரியல சார்," என்றாள்.

மேனேஜர் உதட்டைப் பிதுக்கினார். "காரணம் இல்லாம நான் என்னன்னு எழுதறது? மன்னிச்சுக்கோங்கம்மா," என்றார் தபால்காரியிடம்.

வெளியே ஸ்கூட்டர் நிறுத்துமிடம்வரை இருவரும் ஒன்றாகத்தான் நடந்தார்கள். தபால்காரி அவள் தோளைத் தட்டிக்கொடுத்தாள்.

"விடுங்கக்கா. நீங்க எனக்காக வந்து சொன்னீங்களே, அது போதும். நான் வர்ற லீவுக்கு அந்தக் கோடிக் கடைக்குப் போறேன். உங்க வீட்டுக்காரருக்கும் சேத்து ரெண்டு வாங்கிட்டு வந்து குடுத்துடறேன். உங்க தெரு என் லைன்லதான் வருது. எனக்கு ஒரு செலவும் இல்ல."

அதைத் தாங்கமுடியவில்லை. இத்தனை நாள் எதற்கும் அசையாதது, திட்டியிருந்தால்கூட அசைந்திருக்காதது, இதற்கு ஆட்டம் கண்டது.

"நான்தான் ஒளிச்சு வெச்சேன்," என்றாள்.

"எதை?"

"பிரெட்டை. பிஸ்கட் பெட்டிக்குப் பின்னாடி. விலை குறையட்டும்னு. எங்க வீட்டுக்காரருக்கு. அதனாலதான் விக்கல."

தபால்காரி ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி அவளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். புரிய நேரமாயிற்று.

"எனக்கு ரெண்டு டோஸ்டர் வாங்கச் சொன்னீங்களே. அப்பவுமா?"

"அப்பவும்."

"எம்பொண்ணு வந்து கேட்டாளே?"

"இருந்துச்சு. நான் சாஞ்சுட்டு நின்னேன்."

சத்தம் போடுவாள், திரும்பி மேனேஜர் அறைக்குப் போவாள் என்று மஞ்சள் அக்கா காத்திருந்தாள். போனால் போகட்டும் என்றுதான் இருந்தது. தபால்காரி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள். வார் கொக்கி மாட்டவில்லை. இரண்டு முறை முயற்சி செய்து, மாட்டாமலேயே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மேனேஜர் கூப்பிடவில்லை. அன்றும் கூப்பிடவில்லை, அதற்கடுத்த நாட்களிலும் கூப்பிடவில்லை. மஞ்சள் அக்கா எப்போதும்போல மெஷினோடு நடந்தாள், பின்னால் கூட்டம் நடந்தது. அந்த அலமாரியில் பிரெட் இருந்த இடத்தில் இப்போது ஏதோ பாஸ்தா பாக்கெட்டுகளை அடுக்கிவிட்டார்கள்.

அதற்கப்புறம் ஒரு நாள், வேலைக்குக் கிளம்புகிற சமயத்தில், வீட்டு மணி அடித்தது. வாசலில் தபால்காரி. ஒரு கையில் தபால்கள், இன்னொரு கையில் ஒரு பை.

"ரெண்டு இருக்கு," என்று பையை நீட்டினாள். முகத்தில் சிரிப்பு இல்லை, கோபத்தைக் காட்டவும் இல்லை. "சொல்லிட்டேன், அதனால வாங்கினேன். அவர் என்ன பண்ணினார், பாவம்."

விலையைச் சொன்னாள். மஞ்சள் அக்கா உள்ளே போய்ப் பணம் எடுத்து வந்து கொடுத்தாள். தபால்காரி அதை எண்ணிப் பார்த்து, மீதிச் சில்லறையைச் சட்டைப் பையில் தேடி எடுத்து, கடைசிக் காசுவரை அவள் கையில் வைத்தாள். கை கையில் படாமல் வைத்தாள். "இனிமே என்னால முடியாது," என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.

"உள்ளே வாங்க" என்று சொல்லவேண்டும் என்று இவளுக்குத் தோன்றியபோது அவள் தெருவின் பாதி தாண்டியிருந்தாள்.

லிஃப்ட்காரர் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார். ஃப்ரீசரிலிருந்து எடுத்து வைக்க அன்று மறந்திருந்தாள். கையில் இருந்த பாக்கெட்டைப் பிரித்து, டோஸ்டரில்கூடப் போடாமல், வெண்ணெய் தடவித் தட்டில் வைத்தாள். அதே கம்பெனி, அதே உறை. தேதி முடிய இன்னும் எவ்வளவோ நாள் இருந்தது.

அவர் ஒரு கடி கடித்தார். மெல்லுவதை நிறுத்தினார். துண்டைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார்.

"இது என்ன புது பிரெட்டா?"

"அதேதாங்க."

"அதேவா? மெத்து மெத்துன்னு இருக்கே!" இன்னொரு கடி. விரலால் நடுவில் அமுக்கிப் பார்த்தார். அமுங்கியது, திரும்ப எழுந்தது. "உதிரவே மாட்டேங்குது பாரேன். நான் என்ன நெனச்சேன் தெரியுமா? வியாதிக்காரன் பிரெட்டுன்னா அப்படித்தான், மண்ணு மாதிரிதான் இருக்கும்னு நெனச்சுட்டேன். இத்தனை வருஷமா. கேட்டா நீ கஷ்டப்படுவேன்னு சொன்னதில்ல."

அவள் கையில் வெண்ணெய்க் கத்தி இருந்தது. அதைக் கீழே வைத்தாள். நெஞ்சில் எங்கேயோ வலித்தது. விரல் மரத்து, பிறகு சூடு ஏறும்போது வலிக்குமே, அந்த வலி.

"ஃப்ரீசர்ல இருக்கறதை என்ன பண்றது?" என்று அவர் கேட்டார்.

"தின்னுதான் தீக்கணும்."

அவர் சரி என்று தலையாட்டினார். தட்டு காலியாகியிருந்தது. பாக்கெட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"இதுல இன்னும் ஒண்ணு எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டார்.